உப்பு வைத்து அழைத்த யானைகள்

நாட்றாம்பாளையத்துக்கு மேலே, காட்டை ஒட்டி இருந்த அந்த விடுதிக்கு வருகிறவர்களின் கையிலிருந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைப்பதுதான் என் முதல் வேலை. பாட்டிலை வாங்கிக்கொண்டு செம்புக் குவளையில் பானகம் கொடுக்க வேண்டும். "காட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், காடு உங்களைப் பார்த்துக்கொள்ளும்" என்று அவரவர் மொழியில் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். வந்தவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். சிலர் கைகூப்புவார்கள். ஒருவர் தன் பெண்ணிடம், "பார், இதுதான் பொறுப்பான பயணம்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

வாங்கிய பாட்டில்களைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த ஓடைப் பள்ளத்தில் கொட்டி எரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். இதில் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதிதான் அவர்கள் மேல். மீதி என் மேல். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் வேப்பனப்பள்ளிக்காரி. அத்தா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் விற்றவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். கல்யாணமாகி ஓசூர் வந்த பிறகு ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒடிசா, பீகார் பெண்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்ததில் இந்தியும் வந்துவிட்டது. எங்கள் வேலை, வருகிற ஒவ்வொரு பாகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. கீறல் இருந்தால், பிசிறு இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் அந்த லைனையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கான்ட்ராக்டில் வேலை பார்த்த நாங்கள் எல்லாரும் ஒரே மதியத்தில் வெளியே வந்தோம்.

நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். என் கணவர் இரண்டு சக்கர வண்டிகள் பழுது பார்க்கிறவர். அவரிடம் வண்டி விட வந்த ஒருவர்தான் இந்த விடுதியைப் பற்றிச் சொன்னார். பல மொழி தெரிந்த பெண் வேண்டுமாம்; வெள்ளி முதல் ஞாயிறு வரை வேலையாம்; தங்க இடம் உண்டாம். முதலாளி பெங்களூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இயற்கையின் பக்கம் வந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். மண் நிறத்தில் பருத்திச் சட்டை போட்டிருப்பார். நேர்காணலில் என்னிடம் கன்னடத்தில் இரண்டு கேள்வி, இந்தியில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "நீங்க இந்த ஊரோட வாய்ஸ்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

விடுதிக்குக் கீழே அரை கிலோமீட்டரில் ஒரு வீடு. அங்கே இருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் அவர் கணவரும் மட்டும்தான். பிள்ளைகள் இருவரும் ஓசூரில் கம்பெனி வேலை. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் ராகி விதைத்து, நடுநடுவே அவரை போட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் விருந்தினரை அங்கே அழைத்துப் போவேன். 'கிராமத்தில் ஒரு காலை' என்று அதற்குப் பெயர். அக்கா ராகிக் களி கிளறிக் காட்டுவார்; திரிகையில் ராகி அரைத்துக் காட்டுவார்.

அந்தத் திரிகையை அக்கா எத்தனையோ வருடங்களாகத் தொட்டதில்லை. மாட்டுக்கொட்டகையில் கிடந்ததை மேனேஜர்தான் தேடி எடுத்து, கழுவி, வாசலில் வைக்கச் சொன்னார். அந்த மேனேஜர் சேலத்துப் பக்கம், முப்பது வயது, எப்போதும் கையில் ஒரு வாக்கிடாக்கி. முதல் சனிக்கிழமை விருந்தினர் வருவதற்கு முன் அவர் வீட்டைச் சுற்றி வந்து கைநீட்டிக் கைநீட்டிச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அந்த நீலக் குடத்தை உள்ள வைங்க. அந்தப் பிளாஸ்டிக் சேரையும். டிஷ் மேல ஒரு பாயைப் போட்டு மூடுங்க. அக்கா, நைட்டி வேணாம், சேலை கட்டிக்குங்க. காட்டன் சேலை இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். "ஏம்மா, தண்ணி புடிக்கிற குடம்மா அது. அத எதுக்கு ஒளிச்சி வெக்கணும்? திருடியாந்ததா?"

"இல்லக்கா, வர்றவங்க பிளாஸ்டிக் இல்லாத ஊருன்னு பார்க்க வர்றாங்க."

"அப்ப அவங்க வர்ற காரு எதுல செஞ்சுதாம்?"

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தவள் நான்தான். ஒரு குடும்பம் தன் வீட்டில் தண்ணீர் பிடிக்கும் குடத்தை வெளியூர்க்காரர் கண்ணுக்கு அழகாக இல்லை என்பதற்காக ஒளித்துவைக்க வேண்டும். ஒளித்து வைத்தால்தான் அது பண்பாடு. இதை நான்கு மொழியில் விளக்கிச் சொல்ல எனக்குச் சம்பளம்.

விடுதியின் முக்கியமான விஷயம் குட்டை. பின்பக்கத் தடுப்பு வேலியைத் தாண்டி, காட்டின் ஓரத்தில் ஒரு குட்டை வெட்டியிருந்தார்கள். எதிரே மரத்தாலான ஒரு மேடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தினர் இஞ்சித் தேநீர்க் குவளைகளோடு மேடையில் உட்காருவார்கள். பெரும்பாலும் யானைகள் வரும். முதலில் ஒரு பெரிய பெண் யானை, பின்னால் குட்டிகளோடு நான்கைந்து, கடைசியில் தனியாக ஒரு கொம்பன். விளம்பரத்தில், "கூண்டு இல்லை, சங்கிலி இல்லை, யானைகள் தாங்களாக விரும்பி வரும் இடம்" என்று போட்டிருந்தார்கள். சிலர் கைதட்டுவார்கள். நான் உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்ட வேண்டும்.

யானையைப் பார்த்து எனக்கும் உடம்பு சிலிர்த்தது உண்மை. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நின்று குட்டைத் தண்ணீரைத் துதிக்கையால் அடித்து விளையாடியபோது, என் மகளை ஒருமுறை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் கர்நாடகப் பக்கத்துக் காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் வருவது புதிதல்ல. அக்கா சொல்வார். "வருசா வருசம் வரும். ரெண்டு நாள், மூணு நாள் நிக்கும். நம்ம ஆளுங்க பரண்ல உக்காந்து தகரம் தட்டுவாங்க. பட்டாசு போடுவாங்க. அது பாட்டுக்கு அது போயிரும். அதுக்கும் வழி இருக்குது, நமக்கும் வழி இருக்குது. இந்த வருசம் ஏன்னே தெரியல, போவவே மாட்டேங்குது."

அக்கா இதைச் சொன்ன வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை மும்பையிலிருந்து வந்த ஆறு பேரை அழைத்துக்கொண்டு போனேன். வரப்பிலேயே நின்றுவிட்டேன். நிலத்தின் மேற்கு மூலை முழுதும் சாய்ந்து கிடந்தது. யானைக் கால் அழுந்திய குழிகளில் கதிர்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன. அவரைக் கொடிகள் கயிறு மாதிரி இழுபட்டுக் கிடந்தன. அக்கா வாசலில் திரிகைக்குப் பக்கத்தில் காட்டன் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. இன்று முடியாது என்று சொல்லி அனுப்பினாராம். மேனேஜர்தான் ஆளனுப்பி உட்காரவைத்திருக்கிறார்.

மும்பையிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தி, நல்ல மனதோடுதான் கேட்டாள், இந்தியில். "யானைகளுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறீர்கள். எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்! அது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்களேன்."

நான் தமிழில் கேட்டேன். அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"எப்புடி இருக்குதா? போன மாசத்துல இருந்து தூக்கமில்ல. மூலையில இருந்தது பூரா போச்சு. இவங்க அங்க மேல உக்காந்து டீ குடிச்சிக்கினு கை தட்றாங்களே, அந்தச் சத்தம் எனக்கு இங்க கேக்குது. அப்புடி இருக்குதுன்னு சொல்லு."

என் பின்னால் நின்றிருந்த மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "அதையெல்லாம் சொல்லாதீங்க. பிள்ளையார் நம்ம வயலுக்கு வந்தாருன்னு சந்தோசப்படறாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

அப்படியே சொன்னேன். "யானை எங்களுக்குப் பிள்ளையார். வயலுக்கு வந்து கொஞ்சம் சாப்பிட்டுப் போனால் அது ஆசீர்வாதம் என்கிறார்." அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அவள் குனிந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கஷ்டம் புரிந்துதான் இவள் கலங்குகிறாள் என்று நினைத்து, அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

வேலை போய்விடும் என்ற பயம்தான். வேறு காரணம் எதுவும் நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், துண்டுகள் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். பூட்டாமல் கதவு திறந்திருந்தது. உள்ளே மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு. ஒரு விடுதியின் சமையலுக்கு ஒரு வருடத்துக்குக்கூட அவ்வளவு உப்பு ஆகாது. தோட்டவேலை பார்ப்பவர், அஞ்செட்டிக்காரர், என் அண்ணன் வயது, ஒரு மூட்டையைப் பிரித்துத் தள்ளுவண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏற்கெனவே அழுகிய பலாப்பழமும் கரும்புத் தோகையும் இருந்தன.

"எதுக்குண்ணா இது?"

"குட்டையோரம் போடறதுக்குத்தான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போடணும்னு உத்தரவு. ஒனக்குத் தெரியாதா? இல்லன்னா யானைங்க அஞ்சு மணிக்கு டயத்துக்கு எப்புடி வரும்? கம்பெனி பஸ்ஸா அதுங்களுக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தாங்களாக விரும்பி வரும் யானைகள்! இரண்டு மூன்று நாளில் கடந்து போக வேண்டிய கூட்டத்தை மாதக்கணக்கில் இங்கேயே கட்டி வைத்திருக்கிறார்கள், சங்கிலி இல்லாமல், உப்பால். அதுகள் சாயங்காலம் இங்கே உப்பை நக்கிவிட்டு, இருட்டியதும் பசிக்குக் கீழே ராகிக்குள் இறங்குகின்றன. மேலே விருந்தினர் சூப் குடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

மேனேஜரிடம் கேட்டேன். "அது சப்ளிமென்ட்டும்மா. காட்டுல உப்புச்சத்து கம்மி. நாம அதுங்களுக்கு ஹெல்ப் பண்றோம்" என்றார்.

"கீழ இருக்கற வயலுக்கு?"

"அதெல்லாம் கவர்மென்ட் பாத்துக்கும். நீங்க பேச்சு மட்டும் பாத்துக்குங்க."

அந்த வெள்ளிக்கிழமையே கீழே ஓடிப்போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். அரை கிலோமீட்டர்தான். போகவில்லை. ஓசூர் திரும்பியதும் யோசித்து முடிவு செய்யலாம் என்று இருந்தேன். ஒன்பது வருடம் கண்ணில் பட்ட பிசிறை உடனுக்குடன் எடுத்துப் போட்டவள், இதற்கு மட்டும் யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் கழிந்து மறுபடி வேலைக்குப் போயிருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று காலை ஏழு மணி இருக்கும். விருந்தினர் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கீழிருந்து அக்கா ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. நைட்டியில் மண். வாசல் காவலர் தடுக்கத் தடுக்க உள்ளே வந்துவிட்டார்.

"வண்டி குடுங்க! ஜீப்பு குடுங்க! எங்கூட்டுக்காரு பள்ளத்துல வுழுந்து கெடக்கறாரு!"

பொழுது விடிந்ததும் அவர் கணவர் வயலைப் பார்க்கப் போயிருக்கிறார். கூட்டம் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். கொம்பன் மட்டும் மூங்கிலுக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறது. தகரம் தட்டியிருக்கிறார், அது அசையவில்லை. மனிதர்களின் சத்தம் அதற்குப் பழகிவிட்டது. நாங்கள்தானே பழக்கினோம்? அது துரத்தியதும் யானை வராமலிருக்க வெட்டிய அகழியில் குதித்துவிட்டார். தொடை எலும்பு உடைந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர்கள் பட்டாசு போட்டு யானையை விரட்டிவிட்டு, அவரைக் கயிற்றுக்கட்டிலில் தூக்கிப் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காக வேறு பக்கம் போயிருந்தது. திரும்பி மலையேறி வர நேரமாகும் என்றார்கள்.

விடுதி வாசலில் இரண்டு ஜீப்புகள் நின்றிருந்தன. மேனேஜர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எட்டு மணிக்கு பேர்ட் வாட்சிங் இருக்கு. ரெண்டு வண்டியும் புக்டு. ஆம்புலன்ஸ் வந்துரும்னு சொல்லி அனுப்பி வைங்க. இங்க வச்சி சீன் வேணாம்."

குருவி பார்க்கப் போவதற்கு வண்டி வேண்டுமாம்.

முதல் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். பெங்களூரில் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை. நேராக அக்காவிடம் போய்த் தோளைப் பிடித்து, "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார். அக்காவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்து மலைக் கிராமங்களில் தெரியாதவர்கள் குறைவு. மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் அவரே சொன்னார். அந்த அம்மா முழுதும் கேட்கவில்லை. பாதியிலேயே திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"காரை எடுப்பா. பின் சீட்டை மடக்கிப் போடு."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. கூடத்தின் நடுவில் நின்றேன். முதலில் இந்தியில், பிறகு கன்னடத்தில், பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். குட்டையோரம் உப்பு போடுகிறார்கள். அதனால்தான் யானைகள் வருகின்றன. அதனால்தான் போகாமல் நிற்கின்றன. நேற்று நீங்கள் படம் எடுத்த கொம்பன் இன்று காலை இவர் கணவரைத் துரத்தியிருக்கிறது. ஸ்டோர் ரூமில் மூட்டைகள் இருக்கின்றன. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு இளைஞர்கள் ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தார்கள். இன்னொருவர், "நாங்கள் பணம் கொடுத்து ஓய்வெடுக்க வந்திருக்கிறோம், உங்கள் உள் சண்டையை எங்கள் முன்னால் ஏன் போடுகிறீர்கள்?" என்றார். அவர் இட்லியை முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. வேலைக்காக எனக்குக் கொடுத்திருந்த வாக்கிடாக்கியை மேனேஜர் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

காரின் பின்பக்கத்தில் அக்காவின் கணவரைக் கிடத்தி, அக்கா தலைமாட்டிலும் நான் கால்மாட்டிலும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடித்தார். ஒரே ஒருமுறைதான் பேசினார். "மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லிட்டு வந்தியா?" அக்கா, "சொல்லியிருக்குது, நீ பேசாத" என்றார். தேன்கனிக்கோட்டையில் கட்டுப்போட்டு, கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த வாத்தியாரம்மா கிருஷ்ணகிரி வரை கூடவே வந்தார். அவருடைய விடுமுறை அப்படிப் போனது.

விருந்தினர் எல்லாரையும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் உண்மையாகவே நல்லது செய்ய நினைத்துத்தான் வருகிறார்கள். அந்த நினைப்பையும் சரக்காக்கி விற்கிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அக்கா வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு விஷயம் எனக்கு ஒரு வாரம் முன்பே தெரியும் என்று சொன்னேன். பிறகு அந்த மும்பைப் பெண்ணிடம் நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதான் அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"ஆமாக்கா."

"நான் வேற நெனச்சேன். நம்ம சங்கடம் அதுக்கு வெளங்கிருச்சுன்னு நெனச்சேன். தலையெல்லாம் தடவுனேன்." என்னைப் பார்க்காமலே பேசினார். "யான மிதிச்சுது. அது மிருகம், அதுக்கு ராகியும் ஒண்ணுதான், புல்லும் ஒண்ணுதான். நீ என் ஊட்டுல களி தின்னவ. நான் சொல்லாத பேச்ச என் வாயில வெச்சிட்டியே பாப்பா."

நான் அழுதேன். அதற்கு அவர் இரங்கவில்லை.

"அழுவுறத அப்புறம் அழுவலாம். போயி ரேஞ்சராபீசுல சொல்லு. ஒன் வாயால சொல்லு. இந்தச் சோத்த எடுத்துக்கினு போ, எனக்கு வேணாம்."

டிபன் பாக்ஸைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வனத்துறை ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே முதலாளியிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபமே இல்லை. "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி இல்லையா? இந்த மாதிரி ஒரு நல்ல முயற்சியை நீங்களே கெடுக்கலாமா? உள்ளூர் ஜனங்களுக்காகத்தானே இதெல்லாம்?" என்றார்.

"உள்ளூர் ஜனம் ஆஸ்பத்திரியில இருக்காரு சார். நீங்க இன்னும் வந்து பாக்கல" என்றேன்.

போனை வைத்துவிட்டார். வேலையை விட்டு நீக்கியதற்கான கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் நடத்தை விருந்தினருக்கு மன உளைச்சல் தந்ததாம்.

வனத்துறை ஆட்கள் போனபோது ஸ்டோர் ரூமைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒரு மூட்டைகூட இல்லை. நானும் போயிருந்தேன். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குட்டையோரம் யானைகள் தந்தத்தாலும் காலாலும் குத்திக் கிளறிய மண், குழி குழியாக இருந்தது. கூட வந்த காவலர் ஒருவர், வயதானவர், குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு துப்பிவிட்டு ரேஞ்சரைப் பார்த்தார்.

"உப்பளம் மாதிரி இருக்குதுங்க ஐயா."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. தோட்டக்காரரும் முதலில் பயந்தார். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டார். வழக்கு பதிந்தார்கள். விடுதியை மூடிப் பூட்டினார்கள். உப்பு மண்ணை வண்டி வைத்து வெட்டி எடுத்துக் குட்டையை மூடினார்கள். அதன்பிறகு யானைகள் சில நாள் அந்த இடத்தைத் தேடி வந்து நின்றுவிட்டு, ஒன்றும் இல்லாமல் கர்நாடகப் பக்கம் போய்ச் சேர்ந்ததாக அந்தக் காவலர் சொன்னார்.

அக்காவின் கணவருக்குத் தொடையில் கம்பி வைத்தார்கள். நடக்கிறார், சாய்ந்து சாய்ந்து. பரணில் ஏற முடியாது. மீதமிருந்த ராகியைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் அறுத்துக் கொடுத்தார்கள்.

இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருடம் அதே இடத்தில் வேறு பெயரோடு புதுப் பலகை வந்தது. புது மேனேஜர், புதுப் பெயிண்ட்; முதலாளி மட்டும் பழையவரேதான். குட்டை இல்லை, அதற்குப் பதில் 'மௌன நடை' என்று ஏதோ. விடுதியின் இணையப் பக்கத்தை என் மகள்தான் போனில் எடுத்துக் காட்டினாள். முதல் படமே அக்கா. காட்டன் சேலை, திரிகை, கையில் ராகி. கீழே, "எங்கள் சமூகம், எங்கள் வேர்கள்."

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அக்கா என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. படத்தைக் காட்டினேன். கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"இது நான்தானா? ஆரக் கேட்டுப் போட்டாங்க?"

"ஆரையும் கேக்கலக்கா."

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். உடை மாற்றவில்லை. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டில் ஏறினார். நான் பின்னால் போனேன். விடுதிக் கேட்டுக்கு எதிரே, ரோட்டோரம், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். புது மேனேஜர் ஓடி வந்தார். படத்தைப் பெங்களூர் ஆபீஸில்தான் எடுக்க முடியும், எழுதிப் போடுகிறேன், தயவுசெய்து எழுந்திருங்கள் என்றார். அக்கா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மதியம் முதல் கார் வந்தது. கர்நாடகா நம்பர். அக்கா எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார். கன்னடத்தில் அவரே பேசினார். இவர்கள் இணையப் பக்கத்தில் என் படம் இருக்கும், அது என்னைக் கேட்காமல் போட்டது, போன வருடம் இவர்கள் உப்பு வைத்து அழைத்த யானையால் என் கணவர் கால் போனது, நீங்கள் உள்ளே போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. எனக்கு அங்கே வேலையே இல்லை, பக்கத்தில் நின்றேன்.

அன்று ஒன்பது கார்கள் வந்தன. மூன்று திரும்பிப் போயின. ஆறு உள்ளே போயின. உள்ளே போன ஒரு காரில் இருந்தவர் தன் போனை எடுத்து அக்காவைப் படம் பிடித்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். போன் மண்ணில் விழுந்தது. அவர் என்னென்னவோ கத்தினார். அக்கா குனிந்து போனை எடுத்து, துண்டால் துடைத்து, அவர் கையில் கொடுத்து, "கேட்டுட்டு எடு" என்றார், தமிழில்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படம் இணையத்திலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டு முறத்தில் எதையோ புடைக்கிறாள். அவளைக் கேட்டார்களா என்று விடுதிக்கு மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. இந்த வாரம் நான்காவது முறை எழுதப் போகிறேன்.